சொந்தக் கைத்தொலைபேசியும் தோட்டத்துக் கணக்கும்



தோட்டத்து வேலைக்குக் கருவிகள் பல உண்டு. பால்வெட்டுக் கத்தி, பால் வாளி, செம்பனைக் குலை அறுக்கும் நீண்ட அரிவாள், உரமூட்டை சுமக்கும் தள்ளுவண்டி என்று அடுக்கிக்கொண்டே போகலாம். அண்மைக் காலத்தில் அந்த வரிசையில் இன்னொரு கருவியும் சேர்ந்துவிட்டது. அதுதான் நம் சட்டைப் பையில் இருக்கும் கைத்தொலைபேசி. நம் சொந்தப் பணத்தில் வாங்கியது; மாதக் கட்டணமும் நாம்தான் கட்டுகிறோம். ஆனால் காலையில் பெரட்டு எடுக்கும் நேரம் முதல் மாலையில் குலைக் கணக்கு அனுப்பும் நேரம் வரை அது தோட்டத்துக்காகவும் உழைக்கிறது. சொந்தக் கருவியில் பிறருடைய வேலையைச் செய்யும்போது எவற்றைக் காக்க வேண்டும், அந்தக் காவல் யார் பொறுப்பு என்பதையே இன்றைய உரையில் பார்ப்போம்.

முன்பெல்லாம் தொழிலாளர்களின் பெயர்ப் பதிவேடு தோட்ட அலுவலகத்தில் இருந்தது. செக்ரோல் என்று நாம் சொல்லும் அந்தப் பெரிய புத்தகத்தைக் கிராணி எழுதுவார். மாலையில் இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டுவார். சாவி அவரிடம் இருக்கும். யாருக்கு எத்தனை நாள் பேர், யாருக்கு எவ்வளவு பிடித்தம், யார் மருத்துவ விடுப்பில் இருக்கிறார் என்பதெல்லாம் அந்த அலமாரிக்குள் அடங்கிக் கிடந்தன.

இப்பொழுது அந்த அலமாரி பல இடங்களில் பிரிந்து கிடக்கிறது. கங்காணி பெரட்டுச் சீட்டைப் படம் பிடித்துப் புலனத்தில், அதாவது வாட்ஸ்அப்பில், அனுப்புகிறார். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவருடைய அடையாள அட்டையின் இரு பக்கங்களையும் படம் பிடித்து அலுவலகத்துக்கு அனுப்புகிறார். வெளிநாட்டுத் தொழிலாளியாக இருந்தால் கடப்பிதழின் படம். சம்பளம் போடுவதற்காக வங்கிக் கணக்கு எண். காயம் பட்டவருக்குச் சொக்சோ கோரிக்கை என்றால் மருத்துவச் சீட்டின் படம். பிள்ளைக் காப்பகத்தில் வேலை பார்க்கும் அம்மா, குழந்தைகளின் படங்களை அனுப்புகிறார். இவை அனைத்தும் அலுவலகத்துக்குப் போய்ச் சேருகின்றன. அதே நேரத்தில் அனுப்பியவருடைய கைத்தொலைபேசியிலும் தங்கிவிடுகின்றன. குடும்பப் படங்களுக்கும் கோயில் திருவிழாப் படங்களுக்கும் நடுவே, முப்பது நாற்பது பேருடைய அந்தரங்கம் படுத்துக் கிடக்கிறது.

ஓர் அடையாள அட்டைப் படத்தில் அப்படி என்ன இருக்கிறது என்று சிலர் கேட்கக்கூடும். நம் நாட்டு அடையாள அட்டை எண்ணில் 12 இலக்கங்கள் உண்டு. முதல் ஆறு இலக்கங்கள் பிறந்த ஆண்டு, மாதம், நாள் ஆகியவற்றைச் சொல்கின்றன. அடுத்த இரண்டு இலக்கங்கள் பிறந்த மாநிலத்தையோ நாட்டையோ குறிக்கின்றன. கடைசி இலக்கம் ஒற்றைப்படை என்றால் ஆண், இரட்டைப்படை என்றால் பெண். ஆக, அந்த எண் ஒன்றே ஒருவருடைய வயதையும் பிறந்த இடத்தையும் பாலினத்தையும் சொல்லிவிடுகிறது. அட்டையில் முகமும் முகவரியும் வேறு இருக்கின்றன. கடவுச்சொல் கசிந்தால் மாற்றிக்கொள்ளலாம். வங்கி அட்டை தொலைந்தால் புதிய எண்ணோடு வேறு அட்டை வாங்கலாம். பிறந்த நாளை மாற்ற முடியுமா? கசிந்த அடையாள அட்டை எண் வாழ்நாள் முழுவதும் கசிந்ததாகவே இருக்கும்.

இது வெறும் பயமுறுத்தல் அன்று. 2017ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் மலேசியாவின் 4 கோடியே 62 இலட்சம் கைத்தொலைபேசி எண்களின் விவரங்கள் வெளியே கசிந்திருப்பது தெரிய வந்தது. பெயர், முகவரி, அடையாள அட்டை எண் ஆகியவையும் அவற்றில் இருந்தன. இத்தகைய விவரங்களைக் கையில் வைத்திருக்கும் ஏமாற்றுக்காரன் நம்மை அழைக்கும்போது, நம் முழுப் பெயரையும் அடையாள அட்டை எண்ணையும் அவனே சொல்கிறான். "நான் வங்கியிலிருந்து பேசுகிறேன்", "நான் காவல் நிலையத்திலிருந்து பேசுகிறேன்" என்கிறான். இவ்வளவு சரியாகச் சொல்கிறானே என்று நாம் நம்பிவிடுகிறோம். நம்பிக்கை வந்த பிறகு பணம் போவதற்கு வெகு நேரம் ஆவதில்லை.

இனி, நம் கைத்தொலைபேசியிலிருந்து இந்த விவரங்கள் எந்தெந்த வழியாக வெளியேறுகின்றன என்று பார்ப்போம்.

முதல் வழி தொலைந்து போவது. செம்பனை வரிசைக்குள் விழுந்தாலும் சரி, பேருந்தில் மறந்து இறங்கினாலும் சரி, பூட்டுப் போடாத கைத்தொலைபேசி திறந்து போட்ட வீடு போன்றது.

இரண்டாவது வழி பலர் கை மாறுவது. நம் வீடுகளில் கைத்தொலைபேசி ஒருவருக்கு மட்டும் சொந்தமானதாக இருப்பதில்லை. அப்பா வேலை விட்டு வந்ததும் பிள்ளைகள் விளையாட்டுக்காக வாங்கிக்கொள்கிறார்கள். பள்ளிப் பாடம் பார்க்கவும் அதுதான். சின்னம்மா ஊருக்குப் பேசவும் அதுதான். இதில் குற்றம் ஒன்றும் இல்லை. ஆனால் பிள்ளை ஏதோ ஒரு விளையாட்டுக்காக எதையோ தட்டினால், அந்தத் தட்டு அப்பாவின் வேலைக் குழுவிலும் போய் விழலாம்.

மூன்றாவது வழிதான் மிகவும் கொடியது. அது ஏபிகே என்ற கோப்பு. ஆண்ட்ராய்டு கைத்தொலைபேசியில் ஒரு செயலியை நிறுவுவதற்கான கோப்பின் பெயர் அது. அதிகாரபூர்வமான கடையிலிருந்து செயலியை இறக்கினால் ஓரளவுக்குச் சோதனை நடந்திருக்கும். புலனத்தில் யாரோ அனுப்பிய கோப்பை நேராக நிறுவினால் அந்தச் சோதனை கிடையாது. கல்யாண அழைப்பிதழ் என்று சொல்லியும், வீடு துப்புரவு செய்யும் சேவை என்று சொல்லியும், மலிவு விலைப் பொருள் என்று சொல்லியும் இப்படிப்பட்ட கோப்புகள் நம் நாட்டில் பரப்பப்பட்டிருக்கின்றன. நிறுவும்போது அது குறுஞ்செய்திகளைப் படிக்க அனுமதி கேட்கும். நாம் ஆம் என்று தட்டினால் போதும். வங்கி அனுப்பும் ஒரு முறை எண் நம் கண்ணில் படுவதற்கு முன்பே திருடன் கைக்குப் போய்விடும். இந்தக் காரணத்தினால்தான் 2022ஆம் ஆண்டு செப்டம்பரில் பேங்க் நெகாரா, குறுஞ்செய்தி வழியாக ஒரு முறை எண் அனுப்பும் முறையைக் கைவிட்டுப் பாதுகாப்பான வேறு முறைக்கு மாறும்படி வங்கிகளைக் கேட்டுக்கொண்டது. பணம் மட்டுமா போகிறது? படங்களைப் பார்க்கும் அனுமதியையும் கொடுத்துவிட்டால், கங்காணியின் கைத்தொலைபேசியில் இருந்த நாற்பது பேருடைய அடையாள அட்டையும் அதே வழியில் போகும்.

நான்காவது வழி பழைய கைத்தொலைபேசி. பழுது பார்க்கக் கொடுக்கிறோம். புதியது வாங்கியதும் பழையதை விற்கிறோம். உள்ளே இருப்பதை அழிக்காமல் விற்பது, பணப்பையைப் பணத்தோடு விற்பதற்குச் சமம்.

படிப்பறிவு குறைந்தவர்களுக்குத்தான் இப்படி நேரும் என்று எண்ணிவிடக் கூடாது. அமெரிக்காவில் லாஸ்ட்பாஸ் என்ற நிறுவனம் இருக்கிறது. மக்களுடைய கடவுச்சொற்களைப் பூட்டி வைத்துக் காப்பதே அதன் தொழில். 2022ஆம் ஆண்டில் அந்த நிறுவனத்துக்குள்ளேயே திருடர்கள் புகுந்தார்கள். எப்படிப் புகுந்தார்கள் தெரியுமா? முக்கியமான திறவுகோல்கள் நான்கே பொறியாளர்களுக்குக் கிடைத்திருந்தன. அந்த நால்வரில் ஒருவருடைய வீட்டுக் கணினியைத் திருடர்கள் குறிவைத்தார்கள். அந்தக் கணினியில் திரைப்படம் பார்ப்பதற்கும் பாட்டுக் கேட்பதற்கும் பிளெக்ஸ் என்ற மென்பொருள் இருந்தது. அதில் இருந்த ஒரு குறைக்கு 2020ஆம் ஆண்டிலேயே திருத்தம் வந்துவிட்டது. ஆனால் அந்தக் கணினியில் அந்தத் திருத்தம் போடப்படவில்லை. அந்த ஓட்டை வழியே புகுந்தவர்கள், அவர் தட்டும் ஒவ்வோர் எழுத்தையும் கண்காணித்து, நிறுவனத்தின் பெட்டகக் கடவுச்சொல்லை அறிந்துகொண்டார்கள். வாடிக்கையாளர்களின் பெயர், முகவரி, தொலைபேசி எண் முதலியவை களவு போயின. பூட்டிய பெட்டகங்களின் நகல்களும் போயின. அலுவலகத்தின் கதவுகள் எல்லாம் பலமாகத்தான் இருந்தன. திறந்திருந்தது ஊழியர் ஒருவருடைய வீட்டுக் கதவு.

அவ்வளவு பெரிய நிபுணருக்கே நேர்ந்தது என்றால் நாம் என்ன செய்ய முடியும் என்று சோர்ந்துவிட வேண்டியதில்லை. அவர் வீட்டுக் கணினியில் விடுபட்டது எளிய வேலை: திருத்தம் வந்தபோது போட்டுக்கொள்வது. நாம் செய்ய வேண்டியவையும் எளியவைதாம். ஒவ்வொன்றாகச் சொல்கிறோம்; வீட்டில் படிக்கத் தெரிந்த பிள்ளைகள் ஒரு தாளில் குறித்துக்கொள்ளட்டும்.

கைத்தொலைபேசிக்குப் பூட்டுப் போட வேண்டும். நான்கு இலக்கத்தைவிட ஆறு இலக்கம் நல்லது. பிறந்த நாள் வேண்டாம். அடையாள அட்டையைப் பார்த்தவன் அதைத்தான் முதலில் தட்டிப் பார்ப்பான்.

கைத்தொலைபேசி "புதுப்பிக்கவா?" என்று கேட்டால் நாளை, நாளை என்று தள்ளக் கூடாது. அந்தப் புதுப்பிப்புகளில் பல, ஓட்டைகளை அடைக்கும் வேலையைச் செய்கின்றன.

புலனத்தில் இரு கட்டச் சரிபார்ப்பு என்ற வசதி உண்டு. அமைப்புப் பகுதியில் போய் அதற்கென ஆறு இலக்க எண் ஒன்றை வைத்துக்கொள்ள வேண்டும். குறுஞ்செய்தியாக வரும் ஆறு இலக்கச் சரிபார்ப்பு எண்ணை யார் கேட்டாலும் கொடுக்கக் கூடாது. கேட்பது அண்ணன் பெயரில் வந்த செய்தியாக இருந்தாலும் சரி, அலுவலகத்தின் பெயரில் வந்ததாக இருந்தாலும் சரி. அந்த எண் போனால் நம் புலனக் கணக்கு போய்விடும். பிறகு நம் பெயரில் நம் குழுவில் உள்ளவர்களிடமே பணம் கேட்பார்கள்.

பிள்ளைகளுக்குக் கைத்தொலைபேசியைக் கொடுக்கத்தான் வேண்டும் என்றால், ஆண்ட்ராய்டு கைத்தொலைபேசிகள் பலவற்றில் விருந்தினர் என்ற தனிப் பகுதி இருக்கிறது. அதைத் திறந்து கொடுத்தால் பிள்ளை விளையாடும். அப்பாவின் படங்களும் செய்திகளும் அதன் கண்ணில் படா. செயலி எதையும் புதிதாக நிறுவும் முன் கேட்க வேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வைக்க வேண்டும். அடித்துச் சொல்வதைவிட, ஏன் என்று விளக்கிச் சொன்னால் பிள்ளைகள் நம்மைவிட நன்றாகக் காப்பார்கள்.

வேலைக்காக எடுத்த படம் போய்ச் சேர்ந்ததும் அதை அழித்துவிட வேண்டும். படத் தொகுப்பில் அழித்தால் மட்டும் போதாது. புலன உரையாடலிலும் அழிக்க வேண்டும். அழித்த படங்கள் சில நாள் தங்கியிருக்கும் குப்பைத் தொட்டியையும் காலி செய்ய வேண்டும். பல கைத்தொலைபேசிகள் எல்லாப் படங்களையும் தாமாகவே இணையச் சேமிப்பில் ஏற்றிவிடும். ஒரே கணக்கைக் குடும்பத்தில் நாலு பேர் பயன்படுத்தினால், கங்காணி எடுத்த அடையாள அட்டைப் படம் கோலாலம்பூரில் படிக்கும் மகளுடைய கைத்தொலைபேசியிலும் தெரியும்.

பேசுவதற்கு ஒரு குழு, ஆவணம் அனுப்ப வேறு வழி என்று பிரித்துக்கொள்வதும் நல்லது. முப்பது பேர் இருக்கும் குழுவில் ஒருவருடைய சம்பளச் சீட்டையோ மருத்துவச் சீட்டையோ போட்டால், அது முப்பது கைத்தொலைபேசிகளில் போய் உட்கார்ந்துகொள்ளும். வேலை விட்டுப் போனவரைக் குழுவிலிருந்து நீக்கினாலும், அவர் கைத்தொலைபேசியில் ஏற்கெனவே இருப்பவை அவரோடு போகும். ஆகவே, ஆவணத்தை உரிய ஒருவருக்கு மட்டும் அனுப்ப வேண்டும்.

விற்கும் முன் நினைவு அட்டையையும் சிம் அட்டையையும் எடுத்துவிட வேண்டும். கணக்குகளிலிருந்து வெளியேறி, தொழிற்சாலை நிலைக்குத் திருப்பும் வசதியைப் பயன்படுத்தி எல்லாவற்றையும் அழித்த பிறகே விற்க வேண்டும்.

இன்னும் ஒன்று. நட்சத்திரக் குறி, சதுரக் குறி, 06, மறுபடியும் சதுரக் குறி ஆகியவற்றை அழைப்புப் பலகையில் தட்டினால் 15 இலக்க எண் ஒன்று தோன்றும். அது கைத்தொலைபேசியின் அடையாள எண். அதை எழுதி வீட்டில் பத்திரமாக வைத்தால், தொலைந்துபோகும் வேளையில் காவல் நிலையத்தில் புகார் செய்ய உதவும்.

நேயர்களே, இதுவரை தொழிலாளியின் கடமையைச் சொன்னோம். காவலின் முழுப் பாரத்தையும் அவர் தலையில் ஏற்றுவது நியாயம் ஆகாது. கருவி நம்முடையது, விவரமோ நிர்வாகம் கேட்டுச் சேகரித்தது. மலேசியாவில் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு, 2013 நவம்பர் 15ஆம் நாள் அமலுக்கு வந்தது. வணிக நடவடிக்கைகளின் பொருட்டு மற்றவர்களின் விவரங்களைச் சேகரிப்பவர்கள், அவை தொலையாமலும் களவு போகாமலும் தக்க நடவடிக்கை எடுக்க வேண்டும் என்பது அந்தச் சட்டத்தின் கோட்பாடுகளில் ஒன்று. 2024ஆம் ஆண்டில் அந்தச் சட்டம் திருத்தப்பட்டது. கோட்பாடுகளை மீறுவோருக்கான அபராதத்தின் உச்ச அளவு 3 இலட்சம் வெள்ளியிலிருந்து 10 இலட்சம் வெள்ளியாக உயர்த்தப்பட்டது. 2025 ஜூன் 1ஆம் நாள் முதல், விவரங்கள் கசிந்தால் அதை ஆணையரிடம் தெரிவிக்க வேண்டும் என்ற கடமையும் வந்திருக்கிறது. அதற்கான கால வரம்பு 72 மணி நேரம்.

இந்த 72 மணி நேரத்தை எண்ணிப் பாருங்கள். கங்காணி தம் கைத்தொலைபேசியைத் தொலைத்துவிட்டு, துரை திட்டுவாரே, கிராணி ஏளனம் செய்வாரே என்று அஞ்சி மூன்று நாள் வாய் திறக்காமல் இருந்தால் என்ன ஆகும்? நிர்வாகத்துக்குத் தெரியாது, வங்கிக் கணக்கு எண் பறிபோன தொழிலாளிகளுக்கும் தெரியாது. தும்பை விட்டு வாலைப் பிடிக்கும் கதையாகிவிடும். ஆகவே நிர்வாகத்தினருக்கு நாம் சொல்ல விரும்புவது இது: தொலைந்துவிட்டது என்று உடனே வந்து சொல்பவரைத் தண்டிக்காதீர்கள். அவரைத் தண்டித்தால், அடுத்த முறை தொலைக்கிறவர் மறைத்துவிடுவார்.

தொழிலாளர்களும் சங்கப் பிரதிநிதிகளும் நிர்வாகத்திடம் சில கேள்விகளைப் பணிவாகவும் தெளிவாகவும் கேட்கலாம். அடையாள அட்டைப் படம் தேவை என்றால், அதற்குத் தோட்டத்தின் கைத்தொலைபேசி ஒன்றைக் கொடுக்க முடியுமா? சொந்தக் கைத்தொலைபேசியைத்தான் பயன்படுத்த வேண்டும் என்றால், இணையச் செலவில் தோட்டத்தின் பங்கு என்ன? எதை அனுப்பலாம், எதை அனுப்பக் கூடாது, எப்பொழுது அழிக்க வேண்டும் என்பதை ஒரு தாளில் தமிழிலும் எழுதிக் கொடுக்க முடியுமா? சில நிறுவனங்கள் ஊழியரின் கைத்தொலைபேசியில் நிர்வாகச் செயலி ஒன்றை நிறுவச் சொல்வதுண்டு. அந்தச் செயலி எதையெல்லாம் பார்க்கும்? நாம் இருக்கும் இடத்தைக் கண்காணிக்குமா? வேலை விட்டுப் போகும்போது தோட்டத்து விவரங்களை மட்டும் அழிக்குமா, அல்லது பேரப்பிள்ளையின் முதல் பிறந்த நாள் படத்தையும் சேர்த்து அழித்துவிடுமா? இவற்றுக்கு விடை தெரிந்த பிறகு சம்மதம் சொல்வதே முறை.

கடைசியாக, கைத்தொலைபேசி தொலைந்த அந்த முதல் ஒரு மணி நேரத்தில் செய்ய வேண்டியவை. பக்கத்து வீட்டுக்காரர் கைத்தொலைபேசியிலிருந்து தொலைபேசி நிறுவனத்தை அழைத்துச் சிம் அட்டையை நிறுத்தச் சொல்ல வேண்டும். அடுத்து வங்கியை அழைத்து இணைய வங்கிக் கணக்கை முடக்கச் சொல்ல வேண்டும். மூன்றாவதாகக் கிராணியிடமோ துரையிடமோ உடனே தெரிவிக்க வேண்டும். வேறொரு கைத்தொலைபேசியில் நம் கூகுள் அல்லது ஆப்பிள் கணக்கைத் திறந்து, தொலைந்த கருவியைத் தூரத்திலிருந்தே பூட்டலாம், அழிக்கவும் செய்யலாம். பணம் ஏமாற்றிப் பறிக்கப்பட்டிருந்தால் 997 என்ற எண்ணை அழைக்க வேண்டும். 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தின் எண் அது. போன பணம் திருடர்களின் கணக்குகளில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவிக்கொண்டே இருக்கும். எவ்வளவு விரைவாக அழைக்கிறோமோ அவ்வளவுக்கு அதை வழியில் மடக்க வாய்ப்பு உண்டு. பிறகு காவல் நிலையத்தில் புகார்.

நாற்பது பேர் தங்கள் அடையாள அட்டையைக் கங்காணியிடம் நீட்டுகிறார்கள் என்றால், அவர் கையில் இருக்கும் கருவியைப் பார்த்து அல்ல. அவரைப் பார்த்து நீட்டுகிறார்கள். லயத்தில் பக்கத்து வீட்டார் சாவியை நம்மிடம் கொடுத்துவிட்டு வெளியூர் போனால், நாம் அந்த வீட்டை நம் வீட்டைவிடக் கருத்தாகப் பார்த்துக்கொள்வோம். பிறருடைய விவரங்களும் அப்படிக் கொடுத்து வைத்த சாவிதான். இன்று இரவே வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து கைத்தொலைபேசியைத் திறந்து பார்ப்போம். வேலை முடிந்த பிறகும் தங்கியிருக்கும் பிறருடைய படங்களை அழிப்போம். பூட்டு இல்லை என்றால் போடுவோம். அரை மணி நேர வேலைதான்.